தெளிவில்லை, நான்கு நொடி

வெட்டூர்ணிமடத்தில் மாடியறை.
மேசையில் உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி,
அதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு குரல்கள்.
ஒக்கிக்கு முந்தின ராத்திரியும் மறுநாளும்
வாட்ஸப்பில் பறந்தவை,
போன் போனாகக் கைமாறி
கடைசியில் என் ஆய்வுக்கு
'முதன்மைத் தரவு' ஆனவை.

ராத்திரி முழுக்க மென்பொருள் எழுதும்.
நான் உறங்குவேன்.
காலையில் பார்த்தால்
வள்ளம் வெல்லமாகியிருக்கும்.
கரமடி, கரடி.
மரச்சீனியைப் பிளந்து
மரம் ஒரு வரியில், சீனி அடுத்த வரியில்.
நீவாடு பலம் என்று ஒருவர் கத்துகிறார்,
அது எழுதி வைக்கிறது:
நீ வாடு. பலம்.

முதலில் சிரித்தேன்.
எண்பதாவது கோப்பு வாக்கில்
சிரித்ததற்கு யாரிடமாவது
மன்னிப்புக் கேட்டால் தேவலை என்றிருந்தது.
நானும் இந்த மாவட்டத்துக்காரிதான், மார்த்தாண்டம்.
ரப்பர் மரங்களுக்குள் வளர்ந்தவள்.
கடலுக்குள் தண்ணீர் இழுக்கிற இழுப்புக்கு
நீவாடு என்று பெயர் என்பதை
நானும் போன் பண்ணித்தான் கேட்டேன்.

பெயர்கள் வேண்டாம் என்றது நெறிக்குழு.
ஆகவே, ப-17.
இருபத்துமூன்று நொடி. என்ஜின். காற்று.
"கேட்டியா, மரச்சீனி அவிச்சு வையி,
நீவாடு கொஞ்சம் பலம், நேரமாவும்..."
பிறகு நான்கு நொடிக்கு
இயந்திரம் அடைப்புக்குறி போட்டுவிட்டது:
தெளிவில்லை.
வேகத்தைப் பாதியாக்கினேன்,
காற்றைச் சீவிச் சீவி எடுத்தேன்,
முப்பது தடவை கேட்டேன்.
தெளிவில்லைதான்.

ஒப்புதல் படிவத்தோடு சின்னத்துறைக்குப் போனேன்.
அவர் மனைவி, றோஸ்லெட் என்று வைத்துக்கொள்வோம்,
அது அவள் பெயரல்ல,
ரேஷன் பையை இறக்கிவைத்துவிட்டு
படிவத்தை இரண்டு பக்கமும் திருப்பினாள்.
'ஐந்தாண்டுகளுக்குப் பின் தரவுகள் அழிக்கப்படும்.'
அங்கே நின்றது விரல்.
"ஆரு அழிப்பா?"
நான்தான்.
சொல்லவில்லை.
"இது அவரு எனக்கு அனுப்பினதா?"
உங்களுக்கென்று நினைத்து
வள்ளக்காரர் குழுவில் தவறிப் போட்டிருக்கிறார்.
விழிஞ்ஞத்தில் ஒரு கூட்டாளியின் போனில் கிடந்தது.
அவளுக்கு வந்துசேராத ஒன்றை
ஒன்றரை வருஷமாய் எண்ணிட்டு, நிறம் கொடுத்து,
'அன்றாட அறிவுறுத்தல்: உணவு' என்ற தலைப்பில்
அடுக்கி வைத்திருக்கிறேன்.

மடிக்கணினியைத் திறந்தேன்.
இரு, என்று உள்ளே போய்
குக்கரை அணைத்துவிட்டு வந்தாள்.
ஹெட்போன் வேண்டாமாம்.
ஒரே தடவைதான்.
அந்த நான்கு நொடி வந்தபோது
"ம்" என்றாள்,
எதிரே நிற்கிறவருக்குச் சொல்வதுபோல.
பிறகு அந்தச் சொல்லை எனக்குச் சொன்னாள்.
"நீ எழுதண்டாம், கேட்டியா."

கோப்பை அவள் போனுக்கு அனுப்பினால்
இடமில்லை என்றது போன்.
மகனின் கிரிக்கெட் வீடியோக்கள் நான்கை
யோசிக்காமல் அழித்தாள்.
அவன் வந்து சண்டை போடுவான்,
போடட்டும், என்றாள்.
கையெழுத்தை மறந்துவிட்டேன்.
கருங்கல் பஸ் ஏறும்போது ஞாபகம் வந்து
திரும்ப நடந்தேன்.
வாசலில் நின்றால் உள்ளே அவர் குரல்,
மரச்சீனி அவிச்சு வையி,
முடிந்ததும் மறுபடி, மரச்சீனி.
கதவைத் தட்டவில்லை.
அடுத்த வாரம் வாங்கிக்கொண்டேன்.

நெறியாளர் சிவப்பில் எழுதியிருக்கிறார்:
ப-17, நான்கு நொடி. இன்னொரு முறை முயலலாமே?
மென்பொருளும் கீழ்மூலையில் பணிவாக:
உங்கள் திருத்தம் எங்களை மேம்படுத்தும்.
அனுப்பலாமா?
இல்லை என்பதை அழுத்தினேன்.
அட்டவணையில் என் கையாலேயே
தெளிவில்லை என்று அடித்தேன்.

இப்போது ப-18.
இவர் இருமுகிறார்.
பின்னால் யாரோ ஐஸ் பெட்டியை இழுக்கிறார்கள்.
ஐஸ் என்பதை மட்டும்
சரியாக எழுதியிருக்கிறது.