குதிரைக்கு எவ்வளவு

வனத்துறைச் சாவடியில் கட்டணப் பலகை இருந்தது.
இருசக்கர வாகனம், கார், வேன், கேமரா.
குதிரைக்கு எவ்வளவு என்று கேட்டேன்.
அவர் பலகையை மேலிருந்து கீழே படித்தார்,
பிறகு கீழிருந்து மேலே.
பலகையில் இல்லாததுக்கு ரசீது போட முடியாதாம்.
ரசீது இல்லாததை உள்ளே விடவும் முடியாதாம்.
அதற்குள் பிச்சி
அவருடைய செம்பருத்தி வேலியில்
பாதியைத் தின்றிருந்தாள்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு பகல் நடை,
ஒரு ராத்திரி, திரும்பி வர ஒரு பகல்.
ஆன்சலினுக்கும் எனக்கும் ஆசை இவ்வளவுதான்.
ஒரு கூடாரம், ஆறு கிலோ கொள்ளு, ரெண்டு வாளி,
பிச்சி,
பிடரி மழிக்கப்பட்டே எங்களிடம் வந்துசேர்ந்த சிம்சோன்.

இடம்தான் இல்லை.

தோவாளையில் வாய்க்கால் உண்டு, புல் உண்டு,
தோட்டக்காரரும் வாங்க என்றார்.
வரப்பு நெடுக அரளி.
சாமிக்கு மாலையாகப் போகும் அதே அரளி;
ஒரு வாய் உள்ளே போனால்
குதிரைக்கே மாலை போடவேண்டியதுதான்.
கடிவாளத்தைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு
நன்றி சொல்லி வெளியே வந்தோம்.

ஆரல்வாய்மொழியில் காற்றாலை.
இறக்கையின் நிழல் தரையில் வந்து வந்து போக
ஒவ்வொரு நிழலையும் சிம்சோன் தாண்டிக் குதித்தான்.
எத்தனையாவது நிழல் என்று தெரியாது,
ஆன்சலின் கீழே கிடந்தாள்.

குலசேகரத்தில் ரப்பர். நிழலோ நிழல்,
கடிக்க ஒரு புல் கிடையாது.
சங்குத்துறையில் கண்ணுக்கெட்டும் வரை தண்ணீர்,
குடிக்க ஒரு வாளி கிடையாது.
கன்னியாகுமரி லாட்ஜுக்குப் போன் போட்டேன்.
பார்க்கிங் உண்டு மேடம், என்ன வண்டி என்றான்.
சொன்னேன்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு, ஏசியா நான் ஏசியா என்றான்.

இப்படி இரண்டு மாதம்.
கடைசியில் நாங்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை.
தாழக்குடி தாண்டி, இருட்டுகிற நேரத்தில்,
பேர்ப்பலகை இல்லாத ஒரு குளத்தங்கரையில்
பிச்சி நின்றுவிட்டாள்.
இழுத்தாலும் வரவில்லை, வெல்லம் காட்டினாலும் வரவில்லை.

குளம் பாதி வற்றியிருந்தது.
நடுவில் வானமளவு வெள்ளம், சுற்றிலும் அருகு.
அறுத்துப்போட்ட வயலோரம் வலை கட்டி
எண்ணூறு வாத்தோடு ஒருத்தி.
பேர் மாடத்தி. என் வயதுதான் இருக்கும்.
வருஷத்தில் பத்து மாதம் இப்படித்தானாம்,
எந்த ஊரில் அறுப்போ அந்த ஊர்.
ராத்தங்கலாமா என்றேன்.
'கொளம் எங்க அப்பன் வீட்டுதா?' என்றாள்.

பழக்கதோஷம்,
குதிரைக்கு எவ்வளவு என்று கேட்டுவிட்டேன்.
மாடத்தி யோசித்தாள்.
'வாத்து எறங்க வயக்காரருக்கு
நூறு முட்டை குடுப்போம்.
உங்க குதிரை முட்ட போடுமா?'
ஆன்சலின் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்,
இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

ராத்திரி வாத்துகள் அடங்கவே இல்லை.
மாதாந்திரச் சீட்டு ஏலம் போல
ஒரு மூலையில் ஓய்ந்தால் மறு மூலையில் தொடங்கும்.
தூக்கம் வராமல் வெளியே வந்து டார்ச் அடித்தேன்.
பிச்சி புல்லை மோந்தாள்,
முன்காலால் ரெண்டு தடவை பறித்தாள்,
முட்டி மடித்து, பெரிய மூச்சொன்று விட்டு
பக்கவாட்டில் சாய்ந்து படுத்தாள்.

கோட்டாற்று லாயத்துக்கு வந்து மூன்று வருஷம்.
அவள் படுத்து நான் பார்த்ததே இல்லை.
நின்றே தூங்குகிற ஜாதி என்று
கேட்டவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

சிம்சோன் படுக்கவில்லை.
அவள் தலைமாட்டில் நின்று
காதை மட்டும் இங்கும் அங்கும் திருப்பினான்.
கூடாரத்துக்குள் ஆன்சலின் குறட்டை.
டார்ச்சை அணைத்துவிட்டு
நானும் அவனோடு கொஞ்சம் நின்றேன்.

விடிந்தபோது வலையைச் சுருட்டி முடித்திருந்தாள் மாடத்தி.
வாத்துகள் வரப்பேறிப் போய்க்கொண்டிருந்தன.
கொள்ளு வாளிக்குள் நாலு முட்டை, இன்னும் சூடாக.
யார் வைத்தது என்று கத்திக் கேட்டேன்.
கம்பை உயர்த்தி
பிச்சியைக் காட்டினாள்.