இரட்டைச் சுவர்

மூன்று குளிர்காலமாய் அந்தக் கோடு வருகிறது.
சாய்ந்த கூரை சுவரில் வந்து முட்டுகிற இடத்தில்
மைக்கோலால் இழுத்ததுபோல் பூஞ்சணக் கறுப்பு.
பிளீச் போட்டுத் துடைத்தால் ஜூனில் போகும்,
ஜூலையில் அதே இடம், அதே நீளம்.

பல்லராட்டில் ஹீட்டருக்குக் கட்டுகிற காசில்
இன்னொரு பிள்ளை வளர்த்திருக்கலாம் என்பார் குகராஜ்.
வெப்பப் படம் எடுக்க வந்த பெண்
திரையை என் பக்கம் திருப்பினாள்.
வீடு முழுக்க மஞ்சள். மூலையில் மட்டும்
நீலமாய் ஒரு நரம்பு.
சுவர் முடிந்துவிட்டது, கூரைப் பஞ்சு இன்னும் தொடங்கவில்லை,
நடுவில் யாருமே இல்லை என்றாள்.

உள்ளிருந்து எட்டாது. பலகைக் கூரை,
பிரித்தால் திரும்பச் சேராது.
வெளியில், கடைசி இரண்டு வரி ஓட்டைக் கிளப்பவேண்டும்.
அவருக்கு முழங்கால். நான் ஐம்பத்து நாலு கிலோ.
அதனால் நான் மேலே.
கீழே ஏணியைப் பிடித்தபடி அவர்,
"கவனம்... கவனம்..."
வேறு சொல்லே தெரியாதவர்போல்.

ஓட்டுக்கடியில் வெள்ளித்தாள். மடித்தால் கைமரங்கள்.
அவற்றின் காலடியில் இரண்டு செங்கல் சுவர்,
நடுவே நாலு விரல் இருட்டு.
கையை விட்டேன்.
காற்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.
கட்டியவன் சிந்திய சாந்துக் கட்டி,
காலியான குளவிக்கூடு, துருவேறிய பியர் மூடி ஒன்று.

இருட்டின் வாய்க்கு நுரைப்பலகை,
அதன்மேல் கைமரம் கைமரமாய்க் கண்ணாடிப் பஞ்சு.
அமுக்கக்கூடாது. அமுக்கினால் அது வெறும் துணி.
காற்றை அசையாமல் வைத்திருப்பதுதான் அதற்கு வேலை.
கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே
தெரிகிற தோலையெல்லாம் அது கண்டுபிடித்தது.

ஏழாவது இடுக்கு.
பலகையை வைக்கக் குனிந்தபோது
சுவருக்குள் ஆரணன் பேசினான்.

அவன் அறையின் பழைய காற்றுத்துளை
நேரே இதற்குள்தான் திறக்கிறது.
சனிக்கிழமை பத்து மணி,
தூங்குகிறான் என்றல்லவா நினைத்தேன்.
யாருக்கோ போனில், ஆங்கிலத்தில், மெல்ல:
படிப்பை ஏப்ரலிலேயே விட்டாயிற்றாம்.
காலையில் பையோடு போவது
வெண்டூரி ஏரிக்கரை வாங்குக்காம்.
அப்பா கத்துவார், அது பரவாயில்லையாம்.
அம்மா ஒன்றும் சொல்லமாட்டா,
அதுதானாம்.
பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"என்ன, அப்படியே நிண்டிட்டீர்?"
"அளவு பாக்கிறன்."

அளவு முன்பே பார்த்திருந்தேன்.
ஒரு கையில் பலகை, மறு கையில் கைமரம்,
முதுகில் பெய்யத் தொடங்குகிற தூறல்.
இன்னும் கேட்டிருக்கலாம்.
இன்னும் கேட்டிருக்கக்கூடாது.
பலகையை இறக்கினேன்.
மயிரிழை பிசகாமல் பொருந்தியது,
பிள்ளையின் குரல் பாதிச் சொல்லில் நின்றது.

மீதி ஐந்து இடுக்கையும்
எப்படி முடித்தேன் என்று நினைவில்லை.

இரவு, முதல்தடவையாக ஜாக்கெட் இல்லாமல்
ஆரணன் கூடத்துக்கு வந்தான்.
"சுடுது என்ன?" என்றார் குகராஜ்,
தானே ஏறிச் செய்ததுபோல்.
அவன் என் கையைப் பார்த்தான்.
"அம்மா, என்ன இது, சிவந்திருக்கு?"
"பஞ்சு."
"கடிக்குதா?"
"ம்."
உள்ளே போய் டேப் எடுத்து வந்தான்.
ஒட்டி ஒட்டிப் பிய்த்தான்,
வெளிச்சத்தில் கண்ணாடி மயிர்கள் மினுங்கின.
முழங்கை வரை வந்தபோது சொன்னேன்,
"திங்கக்கிழமை நானும் வாறன், ஏரிக்கு."

டேப் தோலிலேயே ஒட்டிக் கிடந்தது.
அவன் பிய்க்கவில்லை.
நானும் கையை எடுக்கவில்லை.