நாற்பத்தொரு டைகள்

எல்பியோ போகும்போது
கோட்டுகளை எடுத்துக்கொண்டான், ஷூக்களை,
ஷேவிங் பிரஷ்ஷைக்கூட.
டைகளை விட்டுவிட்டான்.
மோண்டெவிடேயோவில் இப்போது யாரும் கட்டுவதில்லையாம்,
இன்ஷூரன்ஸ் ஆபீசிலேயே திறந்த கழுத்துதானாம்.
அலமாரிக் கதவின் உள்பக்கம் நாற்பத்தொன்று தொங்கின.
எண்ணினேன்.
வேறு வேலை இல்லையா என்றால், இருந்தது.

முதல் மாதம் தொடவில்லை.
இரண்டாம் மாதம் தக்காளிச் செடி சாய்ந்தது.
கயிறு தண்டை அறுக்கும், துணி அறுக்காது.
நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்டது,
சம்பள உயர்வு கேட்கப் போன நாளில் அவன் கட்டியது
(கிடைக்கவில்லை),
மூன்று காய்களைத் தாங்கி நின்றது கோடை முழுக்க.

அப்புறம் கை நிற்கவில்லை.
கோழிக்கூட்டுக் கதவுக்குக் கீலாக இரண்டு.
மாத்தே ஃபிளாஸ்கைத் தோளில் மாட்ட ஒன்று.
இரண்டில் மணல் நிரப்பித் தைத்தேன்;
கொழுத்த பாம்புகளாய்க் கதவிடுக்கில் படுத்து
வெளியே நிற்கும் குளிரை
வெளியிலேயே நிறுத்தின.

"ஏன் நிபியா, கயிறு வாங்கக் காசில்லையா?"
என்றான் ஓடைக்கு அந்தப்பக்கத்து வில்மார்.
இருக்கிறது என்றேன்.
மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்
முடிச்சுப் போடுகிறவளைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.
பார்க்கட்டும்.
என்னிடம் இன்னும் முப்பத்தைந்து பாக்கி.

ஆகஸ்ட் மழை.
ஓடை பாலத்தின் மேல் ஏறி ஓடிய இரவு
தலையீற்றுக் கிடாரி சாயங்காலத்திலிருந்து முக்கிக்கொண்டிருந்தாள்.
மாட்டு டாக்டர் போனில்:
வர வழியில்லை. முன்னங்கால் இரண்டும் தெரிகிறதா?
தெரிகிறது.
மூக்கு?
நாக்கு தெரிகிறது. நீலமாக.
சங்கிலி?
வில்மாரிடம்.
கயிறு?
நனைந்து விறைத்த தாம்பு, காலை அறுத்துவிடும்.
டாக்டர் பேசாமல் இருந்தார்.
நான் ஓடினேன்,
கைக்கு வந்ததையெல்லாம் உருவிக்கொண்டு திரும்பினேன்.

முதலில் பட்டு. இத்தாலிச் சரக்கு.
விலைச்சீட்டை எனக்குக் காட்டாமல் கிழித்தானே, அது.
கணுவுக்கு மேல் சுருக்கிட்டு இழுத்ததும்
சோப்புக்கட்டிபோல் வழுக்கிக் கையோடு வந்தது.
பிறகு பாலியெஸ்டர்.
தீயணைப்பு நிலைய நிதிக்கு விற்ற
மட்டமான சிவப்பு, இரண்டு.
ஒருநாளும் கட்டாதவை.
பிடித்துக்கொண்டன.

அவள் முக்கும்போது இழு,
மூச்சு வாங்கும்போது விடு,
உன் பக்கம் இல்லை, தரையின் பக்கம்,
வைக்கோலில் கிடந்தபடி போன் சொல்லிக்கொண்டே இருந்தது.
சேற்றில் உட்கார்ந்து குதிகாலை ஊன்றினேன்.
பதினெட்டு வருஷம் தினமும் காலையில்
அவன் கழுத்தில் முடிச்சுப் போட்டவள் நான்;
கண்ணாடி பார்த்தால் கை தலைகீழாகிறது என்பான்.
இந்த இழுப்பில் பாதி இழுத்திருந்தால்…
இல்லை. அதை நினைக்க அப்போது நேரமில்லை.

தோள் தாண்டியதும்
வெந்நீர் வாளியைக் கவிழ்த்ததுபோல்
மொத்தமும் என் மடியில்.
அசையவில்லை.
ஒரு வைக்கோலை மூக்கில் விட்டுத் திருகினேன்.
தும்மியது.
டாக்டர், தும்முகிறது என்று கத்தினேன்.
போன் எப்போதோ அணைந்திருந்தது.

அக்டோபரில் எல்பியோ கூப்பிட்டான்.
மேனேஜர் மகளுக்குக் கல்யாணமாம், டை இல்லாமல் முடியாதாம்.
ஒன்று அனுப்பு, ஏதாவது.
முடிச்சுப் போட்டே அனுப்பு,
தலையை நுழைத்தால் போதும்.

சிவப்பில் ஒன்றை மூன்று தடவை துவைத்தேன்,
தேய்த்தேன், முடிந்தேன், தபாலில் போட்டேன்.
முனையில் ஒரு கறை மட்டும் போகவில்லை.
காபி என்று நினைத்துக்கொள்வான்.

இன்னொன்றைக் கன்றின் கழுத்தில் கட்டிவிட்டேன்.
நிற்பதில்லை.
தாய்க்காரி நக்கி நக்கி
அவிழ்த்துவிடுகிறாள்.