துணைக்கால்

நாற்பத்தொரு பொதிகள். இன்றிரவு கடைசி.
பீல் ரயில் நிலையத்தின் பின்பக்கம், மூன்றாம் மாடி,
ஹீட்டர் முனகும், சூடாகாது.
இந்த ஊருக்கே இரண்டு பெயர்.
பீல் என்று ஏறுபவர் பியென் என்று இறங்குவார்.
பலகையில் இரண்டும் ஒரே உயரம்.

என் வேலை சின்னது.
எப்போதோ இருந்த டெஸ்க்டாப் ஒன்று
தன் மெனுவுக்காகக் கேட்ட கோப்புகளை
எடுத்துவிட வேண்டும்.
அது போய்ப் பதினேழு வருஷம்.
கோப்புகள் மட்டும் ஒவ்வொரு வெளியீட்டிலும்
ஏறி, இறங்கி, பிரதியாகி,
யாரும் திறக்காத அடைவில் குந்தியிருக்கின்றன,
கல்யாணம் முடிந்த மண்டபத்துக்கு
நாள் தவறாமல் வந்துசேரும் பால் மாதிரி.

இதை நம்பியிருப்பவை எத்தனை என்று கேட்டேன்.
பூச்சியம்.
இன்னொரு தரம் கேட்டேன். பூச்சியம்தான்.
அழிக்குமுன் வாசிப்பது
என் கெட்ட பழக்கம்.

கணக்குப் போடும் சின்னச் செயலி.
கூட்டல், கழித்தல், வர்க்கமூலம்.
ஜெர்மனில் ஒரு பெயர், பிரெஞ்சில் ஒன்று,
ஃபின்னிஷ், பாஸ்க்,
பிறகு ஒரு வரி முழுக்கக் குப்பை:
எழுத்தைத் தொலைத்த வால், ஓர் அரைப் பின்னம்,
அமெரிக்கச் சதக்குறி, தொப்பி போட்ட ஓ...
அந்தக் குப்பையை எனக்குத் தெரியும்.
யூனிகோடுக்கு முந்திய தமிழ்
அகதியாய் அலைந்தபோது போட்ட வேஷம்.
மாற்றியில் கொட்டினேன்.
ஒவ்வோர் எழுத்தாய் எழும்பி வந்தது

கணிப்பன்

கணிப்பான் என்றிருக்க வேண்டும்.
துணைக்கால் ஒன்று விட்டுப்போயிருக்கிறது.
(அந்த வேஷத்தில் கால் என்பது
தலைகீழாய் நிற்கும் ஆச்சரியக்குறி.
விழுந்தால் சத்தம் கேட்காது.)
தலைக்குறிப்பில்: ஞா. இதயச்செல்வி,
இரண்டாயிரத்தொன்று மார்ச்,
விடியப்புறம் மூன்று பத்து.
அந்த நேரத்தில் யாருக்குத்தான் கால் இடறாது.

சரி, பிணத்துக்கு எதற்கு எழுத்துப்பிழை திருத்தம்
என்று புதிய கோப்பைத் திறந்தேன்,
இன்று எல்லாத் திரைகளும் வாசிக்கிற கோப்பு.
அங்கேயும் கணிப்பன்.
ஏதோ ஒரு நிரல் பழையதை வாரிப் புதியதில் போட்டபோது
கால் இல்லாமலே நடந்து வந்துவிட்டது.
யாரும் முறையிடவில்லை.

முறையிடாததற்குக் காரணம் பிறகு விளங்கியது.
எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில்
வருவன் என்றால் நான் வருவேன்,
தருவன் என்றால் நான் தருவேன்.
இருபது வருஷத்துக்கு மேலாக
அந்தப் பொத்தான் பிழையாய் எதுவும் சொல்லவில்லை.
கடன் வட்டி, சீட்டுக் காசு, பெட்டிக் கடை மீதி,
எதைக் கொண்டுபோனாலும்
நான் கணிப்பன், தா, என்றிருக்கிறது.
கால் வைத்தால் அவன் கணிப்பான்.
யாரோ ஒருவன். எங்கேயோ.

வைத்தேன். வேலை வேலைதான்.
சரிபார்க்க ரேத்தோவுக்கு அனுப்பினேன்.
"இரண்டு வரியும் ஒன்றுபோலத்தானே?"
"ஒரு குறி கூடியிருக்கு."
"இந்தத் தடியா?"
"தடியில்லை, கால்."
"யாருடையது?"
பதில் எழுதி அழித்தேன்.
சம்மதக்குறி வந்தது.

பழைய கோப்பு போய்விட்டது. இரண்டு கிலோபைட்டும் இல்லை.
மாற்றக்குறிப்பில் எழுதினேன்:
வழக்கொழிந்த மெனுக் கோப்பு நீக்கம்.
ஒரு கால் சேர்ப்பு. நன்றி, இதயச்செல்வி.
திருத்தியதும் அவளைத்தான், நன்றியும் அவளுக்கே.
எந்த ஊரில் இருக்கிறாளோ,
எந்தப் பெயரால் அந்த ஊரை அழைக்கிறாளோ.

ஐந்தாம் நம்பர் பஸ்ஸில் மடிக்கணினியைத் திறந்தேன்.
அதில் இன்னும் பழைய வெளியீடு.
இம்மாத வாடகையை மூன்றாகப் பிரிக்க வேண்டும்,
மேரித் தெருவிலிருந்து ஒருத்தி இன்னும் தரவில்லை.
தொட்டேன்.
கணிப்பன் என்றது.
கணித்தது.