நாற்பத்தோராம் படம்

சுன்னாகம் சந்திக்குக் கிட்ட ஒரு ஸ்ரூடியோ.
மாடியில் எனக்கொரு மேசை,
ஒரு கம்பியூட்டர், குளிர் வராத ஏசி.
சாமத்திய வீட்டுப் படங்களில்
பரு அழிப்பது, கறுப்பைக் குறைப்பது,
பின்னுக்கு ஆடிக்கொண்டு நிற்கும் சித்தப்பாவை
வாழைக்குலையால் மறைப்பது
என் வேலை.
நல்லதாய்ப் பார்த்து பேஸ்புக்கில் போடுவதும் நான்தான்.

வியாழக்கிழமை பின்னேரம்
பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு
படியேறி வந்தாள் யதுர்சிகா.
கையில் சைக்கிள் திறப்பு.
கூட ஒருத்தரும் இல்லை.
"அக்கா, நாப்பத்தொண்டாவது படத்தை எடுத்துவிடுங்கோ."

இலக்கம் அவளுக்குப் பாடம்.
எனக்கோ முகமே நினைவில்லை.
திறந்தேன்.
சடைநாகம் இழுத்த நோவில்
மை கரைந்து, வாய் கோணி
அழுகிறாள்.
ஐந்நூறு படத்துக்குள் அதைத் தெரிந்தவள் நான்.
"உணர்ச்சிமிகு தருணம்" என்று எழுதி
இரண்டு இதயமும் வைத்தவள்.

இப்போது அந்த அழுகை
கொக்குவில் ரியூசன் பெடியளின் வட்ஸ்அப்பில்
ஸ்ரிக்கர்.
கணக்குப் பேப்பர் கஷ்டமெண்டால் அவள் முகம்.
கரண்ட் போனால் அவள் முகம்.
மச்சில் ஆர் தோற்றாலும்.
"நான் முன் வாங்கு அக்கா.
பின்னால ஒரு போன் டிங் எண்டும்,
பிறகு இன்னொண்டு,
பிறகு சிரிப்புக் கேக்கும்.
திரும்பிப் பாக்கமாட்டன்."

அழித்தேன். ஒரு நொடி வேலை.

"அப்ப எல்லாத்திலயும் போயிட்டுதோ?"

தொண்ணூற்றைந்தில், ஊர் எழும்பி நடந்த அன்று,
அம்மா எங்கள் அல்பத்தை
மா ரின்னுக்குள் வைத்துக்
கிணற்றடியில் தாட்டுவிட்டு வந்தவ.
திரும்பி வந்து கிண்டினால்
ரின் நிறையக் கறையான் மண்.
என் முதலாம் பிறந்தநாளைக்
கறையான் தின்றுவிட்டதென்று
அம்மா கனநாள் அழுதவ.
யதுர்சிகாவுக்கு மறுமொழி சொல்ல முதல்
எனக்கு ஒரு கறையான் தேவைப்பட்டது.

"இல்லை" என்றேன்.

முறைப்பாட்டுப் பொத்தானைக் காட்டினேன்.
ஒற்றை விரலால் அழுத்தினாள்.
வகுப்புக்குப் பொறுப்பான மிஸ்ஸிடம் சொல்ல
நானும் வாறன் என்றேன்.
யோசிச்சுச் சொல்லுறன் என்றாள்.

அவள் இருக்கும்போதே
மிச்சப் படங்களையும் பார்த்தேன்,
களவெடுக்க வருகிறவன் பார்ப்பதுபோல.
பதினேழில், கேற்றுப் பலகை, ஒழுங்கை, இலக்கம்.
கேக்கில் முழுப்பெயர், பிறந்த திகதி.
தாய்மாமன் சங்கிலி போடுகிற படத்தில்
பின்கதவின் கொண்டி,
ஒரு பக்கம் கழன்றபடி.
எல்லாவற்றையும் நான்தான்
துலக்கி, வெளிச்சம் கூட்டி வைத்திருக்கிறேன்.
ஓடர் தாளில் தகப்பனின் ஒப்பம் இருக்கிறது.
பிள்ளை ஒப்பமிட
அதில் ஒரு கோடும் இல்லை.

முதலாளி கீழிருந்து கத்தினார்:
"பேச்சில படங்கள் ஏன் குறைஞ்சுகொண்டு வருது?"
"நெற் சிலோ அண்ணை."

போனாள்.
யன்னலால் பார்த்தேன்.
நாலரை மணி வெயில், மதிலில் வெற்றிலைத் துப்பல்,
ஸ்ராண்ட் தட்டும் ஒரு வெள்ளைச் சப்பாத்து.
என்ன வெளிச்சம்!
கை தன்பாட்டில் கமராவுக்குப் போனது.
மூடியைக் கழற்றவும் செய்தது.
பிறகு நான்
அந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு
அவள் சந்தி திரும்பும்வரை நின்றேன்.

எழுதியதை அவளிடம் காட்டினேன்.
யதுர்சிகா அவளுடைய பெயரல்ல.
ஸ்ரூடியோ இருப்பது சுன்னாகத்திலல்ல,
ரியூசன் கொக்குவிலிலல்ல,
நாற்பத்தொன்றும் நாற்பத்தொன்றல்ல.
சடைநாகத்தையும் மாற்றவா என்று கேட்டேன்.
கனநேரம் யோசித்தாள்.
"அது இருக்கட்டும் அக்கா.
அது உண்மையாவே நொந்தது."