ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

மொன்தெமார் கரையில் விடியுமுன்
எலெயுதேரியோ கொண்டுவந்து போட்ட கணவாய்
என் மகனைவிடக் கனம்.
தராசு முப்பத்திரண்டு காட்டியது.
சாகும்போது மூன்று முறை நிறம் மாறியது.
பார்க்காததுபோல் ரசீது எழுதினேன்,
அதுதான் இந்த ஆய்வுக்கூடத்தில் என் வேலை.

உள்ளே ஹிமேனா
ஒரேயொரு நரம்பிழையை உருவி எடுத்தாள்.
வெறுங்கண்ணுக்கே தெரியும், சேமியா பருமன்.
ஒரு முனையை நறுக்கி
சின்ன ரப்பர் உருளையால்
தீர்ந்துபோன பற்பசைக் குழாயைப் பிதுக்குவதுபோல் பிதுக்க,
கண்ணாடித் தகட்டில் வழிந்தது
நரம்புக்குள் இருந்த கூழ்.
இனி அதற்குத் தோலில்லை,
புறப்பட்ட இடமில்லை, சேரும் இடமில்லை.
ஏடீபி ஒரு சொட்டு விட்டாள்.
கூலி என்பாள் அதை.

திரையில் நடை தொடங்கியது.

இரண்டே கால் உள்ள கைனசின்
தன்னைவிடப் பன்மடங்கு பெரிய மூட்டையைத் தூக்கிக்கொண்டு
எட்டு நானோமீட்டர், எட்டு நானோமீட்டர்.
எதிரே டைனீன், கொஞ்சம் தள்ளாடி,
பழசானதைச் சுமந்து திரும்புகிறது.
கணவாயின் உடல் ஐஸ்பெட்டியில் கிடக்கிறது,
அலகைத் தனியே வெட்டி வைத்தாயிற்று.
செத்த சேதி
இந்தத் தெருவுக்கு மட்டும் எட்டவில்லை.

பணம் வாங்க வந்தவன்
பூட்ஸிலிருந்து நீர் சொட்டச் சொட்ட நின்று பார்த்தான்.
"எங்கே போகிறதுகள்?"
"அந்த இடம் இப்போது இல்லை" என்றாள் ஹிமேனா.
"திரும்புகிறதுகளே, அவை?"
"அந்த இடமும்."

அவன் நகராததால் அவள் மேலும் சொன்னாள்.
மடிப்புக் குலைந்த புரதத்தின் முதுகில்
யாரோ ஒரு சீட்டு ஒட்டுவார்கள்.
சீட்டின் மேல் சீட்டு, அதன் மேல் இன்னொன்று.
நான்காவது ஒட்டியதும் பீப்பாய் வாய் திறக்கும்.
முடிச்சவிழ்த்து, நூலாக்கி, உள்ளே இழுத்து
துண்டு துண்டாய் நறுக்கி வெளியே விடும்.
துண்டுகளை வீணாக்குவதில்லை,
நாளை வேறெதற்கோ ஆகும்.
பீப்பாய்க்குள் அடங்காத பெரும்குப்பையை
இரட்டைச் சவ்வில் பொதிந்து
வந்த வழியே அனுப்பிவைப்பார்கள்.
போகப் போகப் புளிக்கும்.
வீடு சேர்வதற்குள் பாதி கரைந்திருக்கும்.

"கரையாவிட்டால்?"
"வழியில் குவியும்.
நீளமான நரம்புக்குத்தான் முதலில் அடி."

எலெயுதேரியோ பெஞ்சில் உட்கார்ந்து
வலது பூட்ஸைக் கழற்றினான்.
பெருவிரலில் தூண்டில் முள் ஏறிய தழும்பு.
ஏறியதே தெரியவில்லையாம்,
காலுறை சிவந்த பிறகுதான் குனிந்து பார்த்தானாம்.
சர்க்கரை இருக்கிறது. மாத்திரை இருக்கிறது,
எப்போதாவது.

நான் மருத்துவர் இல்லை என்றாள் ஹிமேனா.
சொல்லிவிட்டு, அளவுநாடா எடுத்து
இடுப்பெலும்பிலிருந்து அந்த விரல்வரை பிடித்தாள்.
தொண்ணூற்றெட்டு சென்டிமீட்டர்.
ஓடுகிறவை மூன்று நாளில் போய்விடும்.
ஊர்கிறவையும் உண்டு,
ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்.

அவன் விரல்விட்டு எண்ணவில்லை,
உதட்டை அசைத்துக் கணக்கிட்டான்.
ஏறக்குறைய ஆயிரம் நாள்.
"அப்படியானால்
நோல்ஃபா வீட்டில் இருந்தபோது கிளம்பியது
இப்போது கணுக்காலில் நடந்துகொண்டிருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை.
ஹிமேனா கண்ணாடியைத் துடைத்தாள்.
நான் கணக்குப் புத்தகத்தில்
எழுதிய எண்ணின் மேலேயே மறுபடி எழுதினேன்.

இரண்டரை மணிக்குத் திரையில்
ஒவ்வொன்றாய் நிற்கத் தொடங்கின,
மூட்டையை இறக்காமலே.
"இன்னொரு சொட்டு விடேன்" என்றான்.
விலை அதிகம் அது. விட்டாள்.
நாலைந்து மட்டும் கிளம்பின.

பிறகு அவன் காலுறையை
உள்ளே ஆள் நடமாடும் பாதைபோல
மெதுவாக மேலே இழுத்துவிட்டு,
வால்பரைசோவில் எந்த மருத்துவமனை என்று
என்னிடம் கேட்டான், அவளிடம் அல்ல.
ரசீதின் பின்புறம் எழுதிக் கொடுத்தேன்.
முன்புறம் கையெழுத்திட மறந்து போய்விட்டான்.