கிழமையில் மூன்று தரம்

திங்கள், புதன், வெள்ளி.
குடுவைகளுக்குத் தீனி வைப்பது என் வேலை.
இளஞ்சிவப்பு நீர். மஞ்சளாகிப்போனால்
பசி என்று அர்த்தம்,
அல்லது நான் பிந்திவிட்டேன் என்று.
அதில் பத்தில் ஒரு பங்கு
பிறக்காத கன்றின் குருதித் தெளிவு.
மாட்டை வளர்க்க மாடு வேண்டியிருக்கிறது.
உர்சினாவிடம் ஒருநாள் இதைச் சொன்னேன்.
கையுறையைக் கழற்றியபடி
"காலையிலேயே வேண்டாம்" என்றாள்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
இவற்றுக்குக் கலம் என்று பெயர்.
கடலில் போவதும் கலம், சோறு இடுவதும் கலம்.
இந்தக் கலத்தில் ஏறியவன் இறங்கவில்லை.

குடுவையின் கழுத்தில் நீல மையில் 214.
காதில் அந்த எண்ணோடு
அனத்தோலியாவின் ஏதோவொரு தொழுவத்தில்
ஒரு கன்று உண்ணி கடித்து,
கழுத்துக் கணுக்கள் புடைத்து, மூச்சு முட்டி
நான் பிறப்பதற்கு ஆறு வருடம் முன்பு செத்தது.
அதன் வெள்ளைக் கலங்களுக்கு மட்டும்
சேதி எட்டவில்லை.
பேர்ண் நகரில், லெங்காஸ்ஸில், இரண்டாம் மாடியில்
இன்றைக்கும் பெருகுகின்றன.
கழிவுத் தொட்டியில் நான் ஊற்றியதை எல்லாம்
ஊற்றாமல் வைத்திருந்தால் ஒரு மந்தை தேறும்.

உள்ளே இருப்பவன் தைலேரியா.
இவன் சாதிக்காரர்கள் நுழைந்த இடத்தில்
சவ்வைப் போர்த்திக்கொண்டு பதுங்குவார்கள்.
இவன் நுழைந்த கையோடு போர்வையை உதறினான்.
கலத்தின் கூழில் வெற்றுடம்பாகக் கிடக்கிறான்.
எதையும் உடைக்கவில்லை.
சாவதற்கென்று கலம் கட்டிவைத்திருந்த மணியின்
நாக்கை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டான்.
கலம் பிளக்கிற நேரம்
இரண்டு துருவத்திலிருந்தும் நூல்கள் நீளும்,
மரபை இழுத்துப் பங்குவைக்க.
அந்த நூலில் தன்னையும் கோத்துக்கொள்கிறான்.
இழுபடுகிறான்.
இரண்டு மகள்களுக்கும் பாதிப்பாதி சீதனமாகிறான்.

போன கிழமை, பன்னிரண்டாம் எண் பேருந்து.
தேர்தல் மாதம். எதிர் இருக்கைக்காரர்
நாளிதழை மடித்தபடி, ஜன்னலைப் பார்த்து
எனக்குச் சொன்னார்: "பராசீத்தன்."
பன்மை விகுதியோடு.
கோபத்துக்கு முன்னால் எனக்குள் எழுந்தது
தொழில் பழக்கம்.
எந்த இனம்? எந்தப் பருவம்? எந்த உண்ணியில் வந்தது?
கேட்கவில்லை.
மிட்டல்ஸ்ட்ராஸ தரிப்பில் இறங்கிவிட்டேன்,
ஒரு தரிப்பு முன்னதாகவே.

இந்தக் கிழமை மருந்து.
மஞ்சள் கரைசல், குழாய் நுனியில் ஒரு சொட்டு.
இதைப் பார்க்கவென்று
புற்றுப் பிரிவிலிருந்து பெயாட் படியேறி வருவார்.
இரண்டாம் நாள் உள்ளிருப்பவன் சிதைகிறான்.
நான்காம் நாள் கலங்கள் பிளப்பதை நிறுத்துகின்றன.
திகைத்து நிற்கிற மாதிரி இருக்கும்,
விளக்கு வந்ததும் கூட்டத்தில் நிற்பவர்கள் போல.
பிறகு ஒவ்வொன்றாகச் சுருங்கி, குமிழ்விட்டு,
நாற்பது வருடம் பிந்தி, சாகத் தொடங்கும்.

பெயாட்டின் மனைவி இன்ஸல் மருத்துவமனையில்
நான்காம் சுற்று மருந்தில் இருக்கிறாள்.
அவர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:
"இதற்குள் ஒருவன் இருந்தான். துரத்த முடிந்தது.
பெரேனாவுக்குள் வேறு யாருமே இல்லை.
அவ்வளவும் அவளேதான்."

குளிரூட்டி உறுமிக்கொண்டிருந்தது.
பேருந்துக்காரரின் மடித்த நாளிதழ்
ஏன் அப்போது ஞாபகம் வந்தது என்று தெரியவில்லை.
நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன்.
உட்காரவில்லை. இன்னொரு வட்டில் கேட்டார்.
எடுத்துக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார்.

அவர் போனபின்தான் கவனித்தேன்:
மருந்து விடாத குடுவை, ஒப்பீட்டுக்காக வைத்தது,
எலுமிச்சை நிறத்துக்கு வந்திருந்தது.
வெள்ளிக்கிழமை. மணி ஆறே முக்கால்.
பிந்திவிட்டேன்.